சுவரில் இருப்பது ஓநாய்ச் சிலந்தி அல்ல: சென்னைத் தரைத்தள வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தெரிந்தவர்களிடமிருந்து என் கைப்பேசிக்குச் சிலந்திப் படங்கள் வரத் தொடங்கிவிடும். பாதிப் படங்கள் மங்கலாக இருக்கும். எடுத்தவரின் கை நடுங்கியிருப்பது பார்த்தாலே தெரியும். கூடவே ஒரு கேள்வி வரும்: "இணையத்தில் தேடினேன், ஓநாய்ச் சிலந்தி என்று காட்டுகிறது. விஷமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது ஓநாய்ச் சிலந்தியே அல்ல. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொன்று.

மேடவாக்கம், பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் புதிதாகத் தரைத்தள வீட்டுக்கோ தனி வீட்டுக்கோ குடிவந்திருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் இருப்பவர்கள் ஓநாய்ச் சிலந்தியைப் பார்ப்பது அபூர்வம், மாடித்தோட்டம் போட்டிருந்தால் ஒழிய.

முதல் படி: எங்கே நிற்கிறது?

துடைப்பத்தைத் தேடுவதற்கு முன் இந்த ஒன்றைப் பாருங்கள். அடையாளம் காண்பதில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஓநாய்ச் சிலந்தி தரையில் வாழ்வது. புல், சருகு, செங்கல் இடுக்கு, பூந்தொட்டியின் அடிப்பாகம், சம்ப் தொட்டி மூடியின் ஓரம் ஆகியவைதான் அதன் உலகம். வீட்டுக்குள் வந்தாலும் தரையில்தான் இருக்கும். சுவரும் தரையும் சேரும் ஓரமாக விடுவிடுவென்று ஓடும், சட்டென்று நின்றுவிடும், மறுபடி ஓடும். வழவழப்பான சுவரில் ஏறுவது அதற்குக் கைவராத வித்தை. அதன் கால் நுனியில் மூன்று சிறு நகங்கள் உண்டு. ஆனால் சுவர்ச் சிலந்திகளுக்கு இருப்பதுபோல் நக நுனியில் அடர்ந்த ஒட்டு மயிர்க் கற்றை கிடையாது. அதனால்தான் பிளாஸ்டிக் வாளியிலோ கழுவுதொட்டியிலோ விழுந்துவிட்டால் ஏறி வர முடியாமல் சுற்றிச் சுற்றி வரும்.

சுவரில், அதுவும் தலைக்கு மேலே, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பழுப்புச் சிலந்தியின் பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. வெப்பமண்டல நாடுகள் முழுவதும் வீடுகளில் இருப்பது. இதுவும் வலை பின்னாத வேட்டைக்காரச் சிலந்திதான், ஆனால் குடும்பம் வேறு. கால்களை நண்டுபோல் பக்கவாட்டில் விரித்திருக்கும். கால் நுனியிலிருந்து கால் நுனி வரை அளந்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வரும். முகத்தில், கண்களுக்குக் கீழே, குறுக்காக ஒரு வெளிர்நிறப் பட்டை இருக்கும். நம் ஊரில் எல்லோரும் பயப்படுவது இதைக் கண்டுதான். இது விரும்பித் தின்பதோ கரப்பான் பூச்சியை. என்னைக் கேட்டால், கரப்பான் உள்ள வீட்டில் வாடகை கொடுக்காமலே வேலை பார்க்கும் ஒரே குடித்தனக்காரர் இவர்தான்.

இரண்டாம் படி: கண்ணையும் முதுகையும் பாருங்கள்

தரையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அடையாளம் கண்கள். சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண்கள். அவை அமைந்திருக்கும் விதம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஓநாய்ச் சிலந்திக்கு மூன்று வரிசை: கீழ் வரிசையில் நான்கு சிறு கண்கள், அதற்கு மேலே முன்னோக்கி இரண்டு மிகப் பெரிய கண்கள், அதற்கும் பின்னால் தலைமேல் நடுத்தர அளவில் இரண்டு. கைப்பேசியில் ஓரளவு கிட்டத்திலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கினால், அந்த இரண்டு பெரிய கண்கள் தனியாகத் தெரியும்.

உடல் மண்ணின் நிறம்: பழுப்பு, சாம்பல், கறுப்பு கலந்தது. தலைப்பகுதியின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெளிர்கோடு பல இனங்களில் இருக்கும். சென்னைத் தோட்டங்களில் பார்ப்பவை பெரும்பாலும் சிறியவை. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மிகப் பெரியவற்றின் உடலே மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே யாராவது "சாப்பாட்டுத் தட்டு அளவு ஓநாய்ச் சிலந்தி" என்று சொன்னால், பயத்துக்கு அளவுகோல் கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத அடையாளம் ஒன்று உண்டு. பெண் சிலந்தி தன் முட்டைப் பையை உருண்டையாகப் பின்னி, உடலின் பின்முனையில், நூல் சுரக்கும் உறுப்போடு ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் எல்லாம் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். தனியே பிழைக்கும் வரை பல நாட்கள் அங்கேதான் சவாரி. முதுகு சொரசொரப்பாக, ஏதோ அசைவதுபோல் தெரிந்தால் அவை குஞ்சுகள். சுவரில் இருக்கும் ஹெட்டரோபோடாவும் முட்டைப் பையைச் சுமக்கும். ஆனால் அது வட்டத் தட்டாக, உடலுக்கு அடியில், முன்பக்கமாகப் பிடித்தபடி இருக்கும். குஞ்சுகளை அது முதுகில் ஏற்றுவதில்லை.

இரவில் தேட விரும்புவோருக்கு: டார்ச்சைக் கையைத் தாழ்த்திப் பிடிக்காமல், கண்ணுக்குப் பக்கத்தில், கன்னப்பொறியை ஒட்டிப் பிடித்துப் புல்தரையைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பச்சையும் நீலமும் கலந்த சிறு பொட்டுகளாகப் புல்லுக்குள் மின்னும். பனித்துளியும் மின்னும், ஆனால் நீங்கள் தலையை அசைத்தால் அதன் மினுக்கம் மாறிவிடும். சிலந்தியின் கண் நின்று ஒளிரும். இதைச் செய்யும்போது காலில் ஷூ இருக்கட்டும். புறநகர்ப் பகுதிகளில் அதே புல்லுக்குள் கண்ணாடி விரியனும் இருக்கலாம். அது உண்மையாகவே ஆபத்தானது.

ஒரு விதிவிலக்கு. ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஹிப்பாசா என்ற ஓநாய்ச் சிலந்திப் பேரினம் பின்னும். மார்கழியில் கோலம் போட வெளியே வரும்போது புல்தரையைக் கவனியுங்கள். கைக்குட்டைகளை விரித்துப் போட்டதுபோல் பனி கோத்த மெல்லிய வலைகள் தெரியும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் புனல் வடிவில் ஒரு துளை. அதன் வாயிலில் உட்கார்ந்திருப்பது ஹிப்பாசா. வெயில் ஏறிப் பனி உலர்ந்தபின் வலை கண்ணுக்கே தெரியாது. இது வீட்டுக்குள் வருவதில்லை, விட்டுவிடுங்கள்.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் ஓரத்தில் குதித்துக் குதித்துப் போய், திரும்பி உங்களையே பார்ப்பது குதிக்கும் சிலந்தி. ஈ, கொசுவைப் பிடிக்கும். கூரை மூலையில் நூல்போன்ற நீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடலைக் குலுக்குவதுதான் வீட்டு ஒட்டடையில் பெரும்பங்குக்குக் காரணம். போகிக்கு ஒட்டடைக் குச்சி எடுப்பது இதற்காகத்தான். எத்தனை முறை ஒட்டடை அடித்தாலும் ஓநாய்ச் சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேப்பமரத்தின் பட்டையோடு பட்டையாக, பின்னால் இரண்டு வால் நீட்டியிருப்பது ஹெர்சிலியா. அழகானது, மரத்தைவிட்டு வராது.

மூன்றாம் படி: வெளியே கொண்டுபோய் விடுவது

தேவை இரண்டு பொருள்கள். ஒன்று, உள்ளே தெரியும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பா. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டாவது, கெட்டியான அட்டை. இதற்குக் கல்யாணப் பத்திரிகையை விடச் சிறந்தது இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எந்த வீட்டிலும் நான்கைந்து கிடக்கும்.

சிலந்தி நின்றிருக்கும் நேரம் பார்த்து டப்பாவை மெதுவாக மேலிருந்து கவிழுங்கள். கால் எதுவும் விளிம்பில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகையை அடியில் நுழைத்து, சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். தரையில் ஓடுகிற ஓநாய்ச் சிலந்தியை இப்படிப் பிடிப்பது எளிது, ஏனென்றால் டப்பாவின் சுவரில் அதனால் ஏற முடியாது. சுவரிலிருக்கும் பெரியது மின்னல் வேகம். அதற்கு அகன்ற டப்பா வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். துணிச்சல் இல்லையென்றால் விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள், அதுவும் ஒரு வழிதான்.

வெளியே விடும்போது வெட்டவெளிச் சிமென்ட் தரையில் கொட்டாமல், செடி நிழலில், சருகுப் பக்கம் விடுங்கள். வாசலிலிருந்து சில அடிகள் தள்ளி விட்டால் போதும்.

முதுகில் குஞ்சுகளைச் சுமக்கும் தாயைத் துடைப்பத்தால் அடிக்க வேண்டாம் என்று சொல்வது இரக்கத்தால் மட்டும் அல்ல. அடித்த நொடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நான்கு திசையிலும் சிதறும். ஒன்றைப் பிடிக்க டப்பா போதும், சிதறியவற்றைப் பிடிக்க எதுவும் போதாது. சிதறிவிட்டால் ஈரத் துணியால் ஒற்றி எடுக்கலாம். தப்பியவை வீட்டுக்குள் ஈரமும் இரையும் கிடைக்காமல் சில நாட்களில் காணாமல் போய்விடும்.

நான்காம் படி: ஏன் உள்ளே வந்தது?

இங்கேதான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். ஓநாய்ச் சிலந்தி உங்கள் வீட்டில் குடியேற வரவில்லை. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோட்டத்து மண்ணில் தண்ணீர் நிற்கும். தரைவாழ் உயிர்கள் எல்லாம் மேடு தேடும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அந்த மேடு பல நேரம் உங்கள் வாசற்படிதான்.

கதவின் அடி இடைவெளியை முதலில் பாருங்கள். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் சிலந்திக்கு வழி இருக்கிறது, கரப்பானுக்கும் பூரானுக்கும் இருக்கிறது. கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கொல்லைக் கதவை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் முன்கதவு தேக்கு, பின்கதவு மழையில் ஊறி அடி அரித்த பலகை.

அடுத்து பால்கனியிலும் கொல்லைத் தாழ்வாரத்திலும் மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகள். தண்ணீர் போகட்டும், பூச்சி வரவேண்டாம் என்றால், சிறு கண்ணுள்ள எஃகு வலையை வெட்டிச் சொருகிவிடுங்கள். சருகு அடைக்காமல் மழைக்காலத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சிலந்திக்குப் பதில் வெள்ளம் வரும்.

வாசல் விளக்கு. வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தால் மழைக்குப் பிறகு ஈசலும் மற்றப் பூச்சிகளும் மொய்க்கும்; விளக்கடியில் விருந்து விரித்தால் வேட்டைக்காரர் வராமல் இருப்பாரா? மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாக வரும். ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கு இன்னும் நல்லது. இதற்கு ஒரு பைசா மருந்து தேவையில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

பிறகு வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடக்கும் குவியல்கள். வீடு கட்டி மிச்சமான செங்கல், தென்னை மட்டை, கொட்டாங்கச்சி, உடைந்த தொட்டி, பழைய ஃப்ளெக்ஸ் தாள். இவற்றைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் எடைக்குப் போட்டுவிடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இதற்கு ஓநாய்ச் சிலந்தி காரணம் அல்ல. அதே செங்கல்லுக்கு அடியில் தேள் இருக்கலாம். சிவப்புத் தேள் கொட்டினால் சிறு குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. அது நேர்ந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 108தான்.

மாடித்தோட்டப் பைகளுக்கு அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். பைகளைச் செங்கல் மேலோ கம்பிச் சட்டத்திலோ தூக்கி வைத்தால் மாடித் தளத்துக்கும் நல்லது. அங்கே சிலந்தி இருப்பதில் தவறில்லை. நெல் வயலில் புகையான் என்ற பூச்சியைத் தின்று தீர்ப்பது ஓநாய்ச் சிலந்தியின் ஓர் இனம்தான்; செங்கல்பட்டு, திருவள்ளூர் வயல்களில் உழவருக்கு உதவும் குடும்பம் உங்கள் கத்தரிச் செடியையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளட்டும்.

வெளியே வைத்திருக்கும் செருப்பு ஸ்டாண்டில் ஷூவை எடுத்தால் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். கொடியில் இரவு முழுக்கக் கிடந்த துணியையும் உதறி மடியுங்கள்.

இடையில் ஒன்று. ஸ்விட்ச் பெட்டி இடுக்கில் குளவி மண்கூடு கட்டினால், அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் கலைக்க விடமாட்டார்கள். அப்படிக் கூடு ஒன்று தானாக உடைந்தால் உள்ளே பாருங்கள். பல நேரம் சிலந்திகளாக அடைத்து வைத்திருக்கும். மயக்கி, தன் புழுவுக்குத் தீனியாக. நீங்கள் செய்ய நினைக்கும் சிலந்திக் கட்டுப்பாட்டை ஏற்கெனவே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

செய்யக் கூடாதவை

அந்துருண்டையை மூலைக்கு மூலை போடுவது பழைய பழக்கம். திறந்த அறையில் சிலந்தியை அது தடுக்காது. குழந்தை எடுத்து வாயில் போட்டால் பெரும் ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

கரப்பான் ஸ்பிரேயைச் சிலந்தி மேல் நேராக அடித்தால் சாகும், உண்மை. ஆனால் அதற்குள் அது கட்டிலடியில் ஓடிப்போய்ச் சாகும், மருந்து உங்கள் மெத்தையில் இருக்கும். இந்த ஸ்பிரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு, பூனைக்கும் ஆகாது. மீன்தொட்டி உள்ள அறையில் அடிக்கவே அடிக்காதீர்கள். எலிக்கு வைக்கும் பசை அட்டையும் வேண்டாம். சிலந்தியோடு பல்லியும் ஒட்டிக்கொண்டு துடிக்கும். பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள், பல்லி ஒட்டும் பலனுக்கு எதைப் பார்ப்பார்களோ. ஒட்டிவிட்டால் சமையல் எண்ணெய் தடவிப் பிரிக்கலாம்.

கடித்துவிட்டால்

ஓநாய்ச் சிலந்தி தேடி வந்து கடிக்காது. உடைக்குள் சிக்கி நசுங்கினால், கையால் பிடித்தால் கடிக்கலாம். வலி, சிவப்பு, சிறு வீக்கம், பெரும்பாலும் அவ்வளவுதான். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஓநாய்ச் சிலந்தி கடித்த 515 பேரைப் பற்றி 1990இல் ஓர் ஆய்வு வெளியானது. சதை அழுகியவர் அதில் ஒருவரும் இல்லை. இணையத்தில் வரும் பயங்கரப் புண் படங்கள் பல, அமெரிக்காவில் வாழும் வேறொரு சிலந்தியின் பெயரில் சுற்றுபவை.

சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து எடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு என்றால் அது ஒவ்வாமை, உடனே மருத்துவமனை. நாள் செல்லச் செல்லச் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

உண்மையில் நம் ஊரில் சிலந்தி தலையில் விழும் பழிகளில் பெரும்பாலானவை அதற்கு உரியவை அல்ல. காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடாக எரிச்சல், மறுநாள் கொப்புளம். "எட்டுக்கால் பூச்சி சிறுநீர் கழித்துவிட்டது" என்பார்கள். அது பெரும்பாலும் பேடரஸ் என்ற சிறு வண்டின் வேலை. எறும்பு போன்ற ஒடுங்கிய உடல், ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். தோலில் வைத்து நசுக்கினால் உடல்நீர் பட்டுத் தோல் வெந்துவிடும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளிவிட்டுச் சோப்பால் கழுவுங்கள். ஒரு பக்கமாக வரிசையாய்க் கொப்புளமும் கடும் வலியும் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவி எழுதிக்கொண்டு காத்திருக்காமல் முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் மாத்திரைக்குப் பலன் அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: காய்ச்சலும் தலைவலியும் இருந்து, அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு தென்பட்டால், அதைப் பூச்சிக்கடி என்று ஒதுக்காதீர்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக அது இருக்கலாம். தமிழ்நாட்டில், சென்னைச் சுற்றுவட்டாரத்திலும், மழைக்கும் குளிருக்கும் இது தலைகாட்டும். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்தில் குணமாகும். தாமதித்தால் உறுப்புகளைத் தாக்கும். அந்தப் பொருக்கை மருத்துவரிடம் நீங்களே காட்டுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

பூச்சிமருந்து ஆளைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால்

சிலந்திக்காகக் கூப்பிடாதீர்கள், கரப்பானுக்காகக் கூப்பிடுங்கள். இரை குறைந்தால் சிலந்தி தானே குறையும். வீடு முழுக்கப் புகைபோல் அடித்துவிட்டுப் போகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லி, சமையலறை இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக ஜெல் வைக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தை எல்லாம் வெளியே எடுக்க வேண்டிய வேலையும் மிச்சம். என்ன மருந்து என்பதை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தையோ நாய்க்குட்டியோ அதை நக்கிவிட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான். தோட்டத்து மண்ணிலும் அடிக்கட்டுமா என்று ஆண்டு ஒப்பந்தத்தோடு கேட்பார்கள். அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.